பத்து மோல் தண்ணீர்

இன்று பரணைத் துடைத்தபோது அந்தப் பித்தளை டம்ளர் கிடைத்தது. விளிம்பில் ஒரு நசுங்கல். நீங்கள் கீழே போட்டதில் வந்தது.

அறுபதுகளின் கடைசி. மொரப்பூருக்கு ரயிலேறி என்னைப் பெண் பார்க்க வந்திருந்தீர்கள். வேதியியல் வாத்தியார் என்று சொல்லியிருந்தார்கள். நான் பி.யு.சி. முடித்திருந்தேன். பாடத் தெரியுமா என்று கேட்பீர்கள் என நினைத்தால், நான் கொடுத்த தண்ணீரைக் காட்டி, "இதுல நூத்தியெம்பது கிராம் இருக்குன்னு வெச்சுக்கங்க. எத்தனை மூலக்கூறு?" என்றீர்கள். தூசி ஏதும் விழுந்துவிட்டதோ என்று என் அப்பா டம்ளரை எட்டிப் பார்த்தார்.

"பதினெட்டு கிராம் ஒரு மோலுங்க. இது பத்து மோல். மோலுக்கு ஆறு புள்ளி பூஜ்யம் ரெண்டு மூணு, பத்தோட அடுக்கு இருபத்தி மூணு. அதுல பத்து மடங்குங்க."

அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "இது அத்தனையும் ஜீரோ டிகிரியில, ஒரு அட்மாஸ்பியர் அழுத்தத்துல எத்தனை லிட்டருங்க?" என்றேன்.

"மோலுக்கு இருபத்திரண்டு புள்ளி நாலு. இருநூத்தி இருபத்தி நாலு லிட்டர்."

"அது வாயுவுக்குத்தானுங்களே? ஜீரோ டிகிரியில தண்ணி ஐஸாயிடுமே. இந்த டம்ளருக்குள்ளயே கெடக்குமுங்க."

டம்ளர் அப்போதுதான் விழுந்தது. "வந்த வரனை வாயாலயே ஓட்டிட்டியேடி" என்று அம்மா தலையில் கை வைத்தாள். எனக்கு அழுகை முட்டியது. உங்களை எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

பத்தாம் நாள் சம்மதம் என்று கடிதம் வந்தது. ஆனால் தப்பை மட்டும் நீங்கள் ஒத்துக்கொள்ளவே இல்லை. குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்பீர்கள். நான் இருநூற்று இருபத்து நாலை எடுப்பேன். "கேள்வியே தப்பு" என்பீர்கள். உங்கள் வாயால் ஒரு தடவையாவது "நான் சொன்னது தப்பு" என்று கேட்டுவிட வேண்டுமென்று எனக்கு அப்படியொரு ஆசை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீங்கள் படுத்திருந்தபோதுகூடக் கேட்டுப் பார்த்தேன். "கேள்வி தப்பு" என்று சிரித்தீர்கள். கொழுப்புதான்.

உங்கள் காரியத்துக்குப் பழைய மாணவர் ஒருவர் வந்தார். அவருக்கே தலை நரைத்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். கையில் வாங்கியவர் சிரித்துவிட்டார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. சார் வருஷா வருஷம் கிளாஸ்ல சொல்லுவாருங்க. 'இருபத்திரண்டு புள்ளி நாலு வாயுவுக்கு மட்டுந்தான்டா. அவசரப்பட்டுத் தண்ணிக்குப் போட்டு ஒரு பொண்ணுகிட்ட மாட்டிக்கிட்டேன். தப்பு என்னுதுதான். அப்பவே முடிவு பண்ணிட்டேன், கட்டுனா இவளைத்தான்னு'ம்பாருங்க."

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்ன மனுஷர், அடுப்படி வரைக்கும் வந்து என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?

டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன். நசுங்கலைத் தட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்றான் மகன். தொட்டால் கையை ஒடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். அது நான் ஜெயித்த இடம்.