மூன்று பேஸையும் துண்டித்துப் பார்த்தேன், மச்சாள்

என் ஆசை மச்சாளுக்கு,

கரடியனாற்றில் உங்கள் அம்மாவைப் பார்க்கப் போன உங்களை, வழியிலேயே விழுந்த ஷெல் கொண்டுபோய்விட்டது. செத்தவீடு முடிந்தும் என் அண்ணன் உங்கள் ஒர்க்‌ஷொப் பக்கம் போகவில்லை. நான்தான் கதவைத் திறந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு நாம் செய்த பெட்டி மேசையில் இருந்தது. கரண்ட் நின்றால் ஜெனரேட்டரை இயக்க வேண்டிய பெட்டி. பக்கத்தில், அதைச் சோதிக்க நீங்கள் தொடங்கிய மற்றப் பெட்டி, பாதி வேலையில். அதில் ஒரு ரிலே சுவிட்ச் இழுத்தால் ஒரு கம்பி துண்டிக்கும். இன்னொன்று இழுத்தால் இரண்டு கம்பிகள் முட்டும். "பழுது தானா வரும்வரைக்கும் பாத்துக்கிட்டு இரிக்கேலாது கா, நாமளே வெச்சிப் பாப்பம்" என்பீர்களே. மிச்ச ரிலேக்களை நான் பூட்டி முடித்தேன்.

இரண்டையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் சோதனைச்சாவடியில் பெட்டியைத் திறந்த சிப்பாய் கம்பிகளைக் கண்டதும் துவக்கை நீட்டினான். நிலத்தில் குந்தி, பெற்றரியைக் கொழுவி பல்ப்பை எரியவிட்டுக் காட்டினேன். பிறகுதான் விட்டான்.

ஆஸ்பத்திரியில் பொறுப்பான ஐயாவுக்குப் பொறுமையில்லை. "கரண்ட நிப்பாட்டிப் பாத்தாச்சி, ஜெனரேட்டர் ஓடுது. இன்னும் என்னத்துக்குப் பிள்ள?"

"ஒப்பரேஷன் நடக்கக்குள்ள ஓடாட்டி ஆருக்கிட்டப் போய்க் கேக்கிற ஐயா?" என்றேன்.

அங்கே மூன்று பேஸில், மூன்று தனித்தனிக் கம்பிகளில், கரண்ட் வருகிறது. சோதனைப் பெட்டியால் முதலாவதைத் துண்டித்தேன், ஜெனரேட்டர் ஓடியது. அதைத் திரும்பக் கொடுத்துவிட்டு இரண்டாவதைத் துண்டித்தேன். ஜெனரேட்டரில் சத்தமே இல்லை. நம் பெட்டி முதலாவது பேஸை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, மச்சாள். ஒப்பரேஷன் அறையோ இரண்டாவதில்.

பெட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். நீங்கள் போனதிலிருந்து வாய் திறக்காத அண்ணன் எழும்பி வந்து பக்கத்தில் இருந்தார். "எங்க பிழைச்சிரிக்கி, காட்டு" என்றார். அவர் ஈயத்தால் பற்றுவைக்க, நான் வயர் பிடிக்க, பேஸுக்கொரு ரிலேயாகப் பூட்டினோம். அதை ஆஸ்பத்திரியில் திரும்ப வைத்து மூன்று பேஸையும் ஒவ்வொன்றாகத் துண்டித்துப் பார்த்தேன், மூன்றுக்கும் ஜெனரேட்டர் ஓடியது.

போன கிழமை ஒரு முற்பகல் இரண்டாவது பேஸ் உண்மையாகவே போனது. தேற்றாத்தீவுப் பெண் ஒருத்திக்கு வயிற்றைக் கீறியிருந்த நேரம். ஜெனரேட்டர் உடனே பிடித்தது. பெண் குழந்தை. தாயும் சுகம். இது உங்களுக்குக் கேட்குமா?

கதிரவெளி மருந்தகத்தாரும் இப்படி ஒரு பெட்டி கேட்டிருக்கிறார்கள். சண்டையால் பாதை பூட்டிக் கிடக்கிறது. திறக்கிற அன்றைக்கே பெட்டியோடு போவேன். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் புருசனின் தங்கச்சி,
என்றைக்கும் உங்கள் மச்சாள்