பலாப்பழம் தட்டிய கை

மீமிசல், வைகாசி, ஞாயிற்றுக்கிழமை.

விரல் முட்டியெல்லாம் வலிக்கிறது. ஆனாலும் இதை எழுதாமல் தூக்கம் வராது.

என் வீட்டுக்காரர் வாங்கிய பழைய பிளைவுட் படகைப் புதுப்பிக்கும் வேலையை இன்று காலையில்தான் தொடங்கினோம். பெயிண்டைச் சுரண்டியதும் பலகை பளிச்சென்று தெரிந்தது. “நல்லாருக்கு, நாளைக்கே மேல ஃபைபர் ஒட்டிரலாம்” என்றார் ஆசாரி. இவரும் தலையாட்டினார்.

நான் கறம்பக்குடிப் பக்கம் பலாத்தோப்பில் வளர்ந்தவள். கல்யாணத்துக்கு முன்னால் கடலையே பார்த்ததில்லை. ஆனால் பலாவைத் தட்டியே காயா பழமா என்று சொல்லிவிடுவேன். கை சும்மா இருக்காமல் படகின் அடிப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும் டங் டங் என்றது. பின்பக்கம் ஓரிடத்தில் மட்டும் பொத்தென்றது.

“இங்கிட்டு உள்ள பழுத்துப்போய்க் கெடக்குங்க” என்றேன்.

“இது என்ன பலாப்பழமா?” என்று இவர் சிரித்தார். ஆசாரியும் சேர்ந்து சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து அதே இடத்தில் குத்தினேன். கைப்பிடி வரைக்கும் இறங்கியது. உள்ளே மரம் டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி இருந்தது.

அதன் மேலேயே ஃபைபர் ஒட்டி, இவர் கடலுக்குப் போயிருந்தால்... அதை எழுத மாட்டேன்.

அப்புறம் சாயங்காலம் வரை நான் தட்டத் தட்ட, இவர் பின்னாலேயே வந்து சாக்பீஸால் வட்டம் போட்டார். மொத்தம் ஐந்து வட்டம்.

கிளம்பும்போது ஆசாரி என்னிடம் வந்து நின்றார். “நாளைக்குப் புதுப் பலகை கொண்டாரேன் தாயி. நீங்க தட்டிப் பாத்து சரின்னு சொன்னாத்தான் அறுப்பேன்.”