டக் என்று மட்டும் சொன்ன கார்

அன்புள்ள அம்மா,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுக் கிழட்டுக் கார் நேற்று மாலை மௌன விரதம் பூண்டது.

சிரிக்காதே. அப்பா நேற்று அழைக்க வராவிட்டால் இனி வீட்டுக்கே திரும்ப மாட்டேன் என்று நீ சொல்லியிருந்தாய். அவர் சட்டையை இரண்டு முறை தேய்த்துப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். சாவியைத் திருப்பினால் ‘டக்’. அவ்வளவுதான்.

“ஸ்டார்ட்டர் போச்சுடா,” என்றார்.

“அது மேல பழி போடாதீங்கப்பா. ஹெட்லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்புங்க,” என்றேன்.

விளக்கு மங்கி அணைந்தே போனது. பேட்டரி காலி என்று தீர்ப்புச் சொன்னேன். மெக்கானிக்கே தோற்றிருப்பான், அம்மா. பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியைச் சுரண்டிப் பார்த்தேன், பலனில்லை. நீயோ போனை எடுக்கவில்லை. கடைசியில் நான் பின்னாலிருந்து தெருமுனை வரை தள்ள, அப்பா கியரில் போட்டு கிளட்ச்சை விட்டதும் கார் இருமிக்கொண்டே உயிர் பெற்றது.

நாங்கள் நீ தங்கியிருக்கும் சித்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நள்ளிரவாகி, விளக்கெல்லாம் அணைந்திருந்தது. அப்பா மணியடிக்காமலே திரும்பிவிட்டார்.

பேட்டரி ஏன் காலியானது என்று அவர் இன்னும் கேட்கவில்லை. நீ போன நாளிலிருந்து தினமும் மத்தியானம் உன் சீட்டில் உட்கார்ந்து காரின் ரேடியோவைக் கேட்டது நான்தான். கோபத்தை என் பக்கம் திருப்பிக்கொள். அவர் வந்தார், அம்மா.

இப்படிக்கு,
தள்ளத் தெரிந்த மெக்கானிக், உன் மகன்