ஐந்தாம் பக்கம்

காலடிப்பேட்டை,
17-10-2024, வியாழக்கிழமை.

அன்பு மகள் செங்கொடிக்கு அப்பாவின் ஆசிகள். இங்கு நானும் உன் அம்மாவும் நலம். ஜெர்மனிக் குளிரில் உன் உடல்நிலை எப்படி என்பதைத் தெரிவிக்கவும்.

உன் அண்ணன் மகன் செங்குட்டுவனின் இரத்தப் பரிசோதனை முடிவு 15-10-2024 அன்று வந்தது. நீ சந்தேகித்த நோயேதான். ஐந்து வயதுப் பிள்ளை தள்ளாடி நடப்பதற்கும் வெண்விழியில் சிவப்பு நரம்பு ஓடுவதற்கும் உன் அத்தை கெங்கம்மா சொல்லிவந்த காரணம், “கண்ணு பட்டுகீது அண்ணாத்தே, வேற ஒண்ணியும் இல்ல.” இதுவரை தெருவில் உடைத்த பூசணிக்காய்கள் நான்கு. அவள் அறிவு அவ்வளவு. தெருமுனை மருத்துவரின் அறிவு அதற்கும் ஒரு படி கீழே. சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். ஆனால் இவர்களை விடப் பெரிய மூடன் ஒருவன் வீட்டிலேயே இருந்தான். நீ தொலைபேசியில் சொல்ல வந்தபோது, பேச்சுக்குத் தேதி கிடையாது, எழுத்தில் அனுப்பு என்று வைத்தவன் நான். நீயும் 3-6-2024 தேதியிட்டு ஆறு பக்கம் எழுதினாய். நீ ஆராயும் ஏ.டி.எம். புரதம் வேலையில்லாத நேரத்தில் இரண்டிரண்டாகப் பிணைந்து, ஒன்றன் வாயை மற்றொன்று அடைத்துக் கிடக்கும். மரபணு இழை அறுந்தால் பிரிந்தெழுந்து மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட் குறியிட்டு, பழுது தீரும்வரை செல் பிரிவதை நிறுத்திவைக்கும். பெரம்பூர்ப் பணிமனையில் பழுதான ரயில்பெட்டியில் நான் சாக்கட்டியால் பெருக்கல் குறி போட்டு நிறுத்தியதைப் போல என்றாய். பிணைந்து கிடப்பதைப் படித்ததும் வேலையில்லாத நேரத்தில் பெட்டிக்கடியில் உறங்கும் எங்கள் பணிமனை ஆட்கள் தண்டபாணியும் வேதமாணிக்கமும்தான் நினைவுக்கு வந்தார்கள். இதற்கா எட்டு ஆண்டுப் படிப்பு என்று இரண்டாம் பக்கத்தோடு நிறுத்தி, பெற்ற தேதி குறித்து, கோப்பில் வரிசைப்படி சேர்த்துவிட்டேன். அந்தப் புரதம் சரியில்லாத பிள்ளைக்கு எக்ஸ்ரே கதிர் ஆகாது, இரத்தம் பார்க்கும்வரை படமெடுக்க விடாதீர்கள் என்று நீ எழுதியிருந்தது ஐந்தாம் பக்கத்தில்.

9-9-2024 அன்று சி.டி. ஸ்கேன் எடுத்தாயிற்று; அதுவும் எக்ஸ்ரே கதிர்தான். 12-ஆம் தேதி வேறொரு காகிதம் தேடுகையில் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. 14-ஆம் தேதி இரண்டாவது படம் எடுப்பதாக இருந்தது; வேண்டாம் என்றேன். ஸ்கேன் மையத்தின் வாசலிலேயே கெங்கம்மா, “மொதப் படம் சரியா வுழலியாம், இன்னொண்ணு எடுத்தா இன்னா கெட்டுப்பூடும்? உம் பொண்ணு அங்க குந்திகினு சொன்னா அதான் சட்டமா?” என்று கத்தினாள். நான் ஸ்கேன் சீட்டை வாங்கிக் குறுக்கே பெருக்கல் குறி போட்டு, தேதியுடன் கையொப்பமிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

முடிவின்படி அந்தப் புரதத்துக்கான மரபணுவின் பிரதிகள் இரண்டுமே பழுது. ஒன்று உன் அண்ணன் கொடுத்தது; மற்றொன்று உன் அண்ணி ராமசெல்வி கொடுத்தது. அத்தை கெங்கம்மாவின் மகளையே அவனுக்குக் கட்ட வேண்டும் என்று 2015-இல் ஒற்றைக்காலில் நின்றவன் யார் என்பது உனக்குத் தெரியும். வேண்டாம் என்ற உன்னைச் சின்னப்பெண் வாயை மூடு என்றவனும் அவனே. முப்பத்தாறு ஆண்டுகள் ஊரார் பெட்டிகளிலெல்லாம் குறி போட்டவன்! பழுது எங்கள் வழியாக வந்ததா என்று பார்க்க நேற்று நானும் இரத்தம் கொடுத்து வந்தேன். கெங்கம்மாவும் கூடவே வந்து, “எனுக்கும் எடு, பாத்துர்லாம்” என்று கையை நீட்டினாள்.

வேளைக்குச் சாப்பிடு. உன் ஆராய்ச்சி மேன்மேலும் வளரட்டும், தீர்க்காயுளுடன் இரு. எடுத்த ஒரு படத்தால் பிள்ளைக்கு என்ன ஆகும், இனி எதை எதைச் செய்யலாகாது என்பதை எழுதிக்கொண்டிராதே. இக்கடிதம் கண்டதும் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல். தேதியை நான் குறித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பக்தவச்சலம்.