உவர் வரிசைக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

3 ஜூன் 2024, திங்கள்

வல்லாரைப் பைகள் அறுபதையும் முற்றத்தில் அடுக்கியாயிற்று. பாதியில் கடற்கரை மணல், பாதியில் நற்பிட்டிமுனை வயல் மண். இரண்டு மண்ணிலும் பதினைந்து பதினைந்தாக எடுத்து வைத்த ஒரு வரிசைக்குக் குழாய்த் தண்ணீர், மற்றதற்கு எங்கள் கல்முனைக்குடி வீட்டுக் கிணற்று உவர்நீர். வயல் மண்தான் தாங்கும் என்பது என் கணிப்பு. கடைசி வருட ஆய்வு. ஆகஸ்டில் ஒப்படைக்காவிட்டால் இந்த முறை பட்டமளிப்பு இல்லை.

24 ஜூன்

உவர் வரிசையில் இலையோரம் கருகத் தொடங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்! செடி வாடுவதற்குச் சந்தோஷப்படும் ஆள் நான் ஒருத்திதான்.

8 ஜூலை

என்ன முஸீபத்து இது? வாடிய செடியெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது. உப்புத் தண்ணீரில் கொழுக்கிற வல்லாரையை யார் கண்டது? உப்பு அளக்கும் மீற்றரை மூன்று தடவை கழுவிக் கிணற்றை அளந்தேன். அதே உப்பு.

11 ஜூலை

"ரெண்டு தண்ணியையும் மாத்தி ஊத்திட்டிங்களா?" என்று என் ஆய்வைப் பார்க்கும் மிஸ் கேட்டார்.

19 ஜூலை, வெள்ளி

பிடித்துவிட்டேன். அஸர் தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி வுழூ எடுத்துவிட்டு, வாளியில் மிஞ்சிய குழாய்த் தண்ணீரை உம்மா உவர் வரிசைக்கு ஊற்றுகிறார்! நன்றாக நிற்கும் வரிசைக்கு ஒரு சொட்டுமில்லை. வாடினதாய்ப் பார்த்து, தேடித் தேடி.

"எத்தின நாளா உம்மா?"

"மூணு கிழம இரிக்கும். பாவம் மகள், தாகத்துல கிடந்திச்சி. உசிருள்ளதுக்குத் தண்ணி குடுத்தா நன்மதானே?"

"இது ஆராய்ச்சி உம்மா!"

"ஆராய்ச்சி எண்டா தண்ணி குடுக்கப்படாதா?"

கத்திவிட்டேன். ராச்சோறும் வேண்டாமென்றேன். வீட்டில் யாருக்காவது விளக்கிச் சொன்னேனா? இல்லதான். அதுக்காக மூணு கிழமையா? நான் இப்ப என்னத்த எழுதிக் குடுக்கிற?

22 ஜூலை

கூடப் படிக்கும் ஸஜாத் சொல்கிறான், எண்களைக் கொஞ்சம் 'சரிப்படுத்தினால்' போதுமாம். கணினியைத் திறந்தேன், மூடினேன். மிஸ்ஸிடம் உள்ளதைச் சொன்னேன். முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். பட்டமளிப்பு போச்சு.

5 ஆகஸ்ட்

புதுப் பைகள். உம்மா இந்தப் பக்கமே பார்க்காமல் வுழூ எடுக்கப் பின்பக்கக் குழாய்க்குப் போகிறார். முகத்தை வேறு தூக்கி வைத்திருக்கிறார். கோபம் எனக்கல்லவா வரவேண்டும்?

30 செப்டம்பர்

கடைசி அளவு. என் கணிப்பும் பிழை. மணலில் உப்பு நிற்காமல் வடிந்திருக்கிறது. உவர்நீர் ஊற்றியும் பதினைந்தில் ஒன்பது பிழைத்தது. வயல் மண்ணில் உப்பு தங்கி, பதினைந்தும் கருகல். எழுதி முடித்துக் கொப்பியை மூடினால், உம்மா வாளியோடு நிற்கிறார்.

"இனி ஊத்தலாமா மகள்?"

"ஓம் உம்மா. ஊத்துங்க."

வயல் மண் பைகளுக்குத்தான் முதலில் ஓடினார். வேர்வரை செத்துவிட்டதென்று நான் சொல்லவில்லை.