விழாத வீடு

ஜனவரி 8, 1995

பொறியாளர் சங்க மலருக்குக் கட்டுரை அனுப்பினேன். மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துச் செய்த சட்டங்களால் கட்டும் வீடுகள் நிலநடுக்கத்தை எப்படித் தாங்கும் என்பது பொருள். கோலாலம்பூரில் நிலநடுக்கம் கிடையாது; அதனால் வாசகரும் கிடையாது.

ஜப்பானில், கோபே நகரில் படிக்கும் மகள் மீனலோசனி அப்படியொரு வீட்டின் மாடியறையில் இருக்கிறாள். நான் சுவரைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்த வீடு. மைத்துனர் கந்தப்பு அதற்கு வைத்த பெயர், பிஸ்கட் டின். எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் முழுக்கப் பரவிவிட்டது.

ஜனவரி 15

மனைவி குணபூசணி மகளோடு போனில்:

“நாளைக்குப் பூசமும் அதுவுமா அந்தத் தகரப் பெட்டிக்குள்ள தனியா இருக்காதே பிள்ளை. தனலெட்சுமி வீட்டுக்குப் போய் விரதம் பிடி. ராத்திரி தங்கு.”

பிறகு என்னிடம் மகள்: “பரீட்சை இருக்குப்பா. போகமாட்டேன்னு சொல்லிட்டேன். அம்மா கோபம்லா.”

தனலெட்சுமி கிள்ளான் பெண். கணவரோடு கோபேயில் ஒரு பழைய மரவீட்டில் குடியிருக்கிறாள். அழகான வீடு. கூரையில் களிமண் பரப்பி, அதன்மேல் ஓடு.

ஜனவரி 17

கோபேயில் நிலநடுக்கம். லைன் கிடைக்கவில்லை. குணபூசணி விடாமல் எண்ணைச் சுழற்றுகிறாள்.

அவளுக்கு விளக்கினேன். பூமி ஆடும்போது கட்டடத்தின் எடைதான் அதற்கு எதிரி. நம் பிள்ளையின் வீடு எடை குறைந்தது. சுவருக்குள் குறுக்காகப் போன எஃகுப் பட்டைகள் நீளும், திருகாணிகள் சாயும், சுவர்ப்பலகை விரிசல் விடும். விழாது.

“சத்தியமா?”

“கணக்குப் போட்டவன் நான்.”

ஜனவரி 19

தூதரகத்திலிருந்து போன். மீனலோசனி இனி இல்லை.

எப்படி? அந்த வீடு எப்படி—

ஜனவரி 24, கோபே

வீடு நிற்கிறது.

சுவர்ப்பலகையில் விரிசல். கோப்பை ஒன்று கீழே விழுந்திருக்கிறது. முருகன் படம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. எல்லாம் என் கட்டுரையில் உள்ளபடியே. இத்தனை சரியாக எழுதித் தொலைக்க யார் கேட்டார்கள்?

தனலெட்சுமியை ஒரு பள்ளிக்கூடத்தில் பார்த்தேன். வீடிழந்தவர்களோடு தரையில் உட்கார்ந்திருந்தாள், கையில் கட்டு.

“அங்கிள், வரமாட்டேன்னுதான் சொல்லுச்சு. திங்கக்கிழமை சாயந்தரம் பாத்தா, புஸ்தகத்தோட வந்து நிக்குது. அம்மா மனசு சங்கடப்படும்னுச்சு. காலையில கூரை மொத்தமா…”

பிறகு கேட்டாள்: “ஆன்டிகிட்ட எப்படிச் சொல்லுவேன்?”

“சொல்லாதேம்மா. எப்போதும் சொல்லாதே.”

ஜனவரி 26

புறப்படுமுன் அந்தப் படத்தின் கண்ணாடியை நானே உடைத்தேன். நல்ல கண்ணாடி. லேசில் உடையவில்லை.

ஜனவரி 28

சாம்பல் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு குணபூசணி கேட்டாள்:

“அவள் தனலெட்சுமி வீட்டுக்குப் போகலையா?”

“போகலை.”

“அப்ப, அந்த வீடு?”

“விழுந்திட்டுது. என் கணக்குத் தப்பு.”

படத்தைக் கொடுத்தேன். கண்ணாடிச் சில்லுகளை விரலால் தடவினாள். என்னைப் பார்க்கவில்லை.

எத்தனையோ கட்டடங்களுக்கு, நிற்கும் என்று கையெழுத்துப் போட்டவன். நிற்கும் ஒன்றை விழுந்தது என்று சொன்னது இதுவே முதல்முறை. அதற்கு மட்டும் யாரும் மறுபரிசோதனை கேட்கவில்லை.

பிப்ரவரி 17

மகளின் அந்தியேட்டிச் சடங்கு. பந்தியில் கந்தப்பு, எல்லாருக்கும் கேட்கும்படி: “பிள்ளையைப் பிஸ்கட் டின்னுக்குள்ள வச்சுக் கொன்னுட்டான்.”

அவருக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

மார்ச் 5

கட்டுரையைத் திருப்பிக் கேட்டேன். மலராசிரியர் பதறினார்: “சார், கோபேக்குப் பிறகு இதைத்தானே எல்லாரும் படிப்பாங்க!”

ஒருவழியாக எனக்கு வாசகர்கள் கிடைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 4, 1996

பூசம். குணபூசணி இந்த ஆண்டும் விரதம் இருந்தாள். மாலையில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னாள்:

“நான் சொன்னதைக் கேட்டு அங்க போயிருந்தா, பிள்ளை இப்ப இருந்திருக்கும்.”

“ஓம்.”

“உங்களைக் குத்தம் சொல்லலை. மனசுக்குள்ள வச்சிருக்க முடியலை, அதான்.”

“தெரியும்.”

பிறகு, ஓராண்டுக்குப் பின் முதல்முறையாக, இன்னொரு இடியப்பம் வைக்கச் சொன்னாள்.