படிக்கட்டுச் சுவரில் கடலும் மலையும்

செப்டம்பர் 16, திங்கள்

பேக்கரி விடுமுறை. நிலாப் பண்டிகைக் கேக்குகளை அடுக்கி அடுக்கித் தோள் கழன்றுவிட்டது. இன்று முழுக்கத் தூங்கலாம் என்றிருந்தேன்.

காலையில் இறங்கும்போது பாவ்-யுவே அண்ணி படியில் நின்று சுவரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. மகள் யுன்-சிக்கு டிசம்பரில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கார்களில் வந்து இறங்கி, மேலே முன்னோர் பூசையறைவரை ஏறி வருவார்கள். அவர்கள் பார்க்கப்போவது இந்தச் சுவரைத்தான் என்று அண்ணி புலம்பினாள். பெயிண்ட் அடிக்க ஆள் வைக்கலாமென்றால், கல்யாண சீசனில் யார் வருவார்களாம்.

"நான் அடிக்கறேன் அண்ணி" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? காவ்சியோங் நகரத்தில் விவாகரத்து முடிந்து இங்கே அண்ணன் வீட்டுக்குத் திரும்பியதிலிருந்து, இந்தப் படியில் நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல்தான் ஏறுகிறேன். என் அறை உச்சியில், பூசையறைக்குப் பக்கத்தில். கீழே அண்ணனின் ஸ்கூட்டர் பட்டறை, அதற்கு மேல் சமையலும் கூடமும், அதற்கும் மேல் அவர்களுடைய படுக்கையறைகள். அத்தனை பேரையும் தாண்டித்தான் நான் என் இடத்துக்குப் போகவேண்டும். படிக்கட்டு ஒன்றுதான் யாருடையதும் இல்லை.

செப்டம்பர் 23, திங்கள்

சுரண்டி முடித்தேன். தலைமுடியெல்லாம் சுண்ணாம்பு. ஈரம் ஊறிய இடங்களில் பட்டி வைத்துத் தேய்க்கவேண்டும். ஏணியைப் படியில் நிறுத்துவதுதான் பெரும்பாடு. சிங்-தே அண்ணன் ஒன்றும் பேசாமல் வந்து, பட்டறையிலிருந்த பலகைகளை அறுத்து, ஏணியின் ஒரு காலுக்கு முட்டுக்கட்டை செய்து வைத்துவிட்டுப் போனான். அவன் எப்போதுமே அப்படித்தான். பேச்சை வீட்டில் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தவன்.

செப்டம்பர் 30, திங்கள்

என்ன நிறம்? அண்ணன் வெள்ளை என்கிறான். அண்ணிக்கு இளஞ்சிவப்பு வேண்டும், கல்யாணக் களை வேண்டுமாம். தைச்சோங்கில் வேலை பார்க்கும் யுன்-சி தொலைபேசியில் சொன்னது ஒன்றே ஒன்று: ஹோட்டல் மாதிரி இருக்கக்கூடாது.

படியின் சரிவோடு சாய்வாக டேப் ஒட்டி, கீழ்ப்பாதி அடர்நிறம், மேல்பாதி வெளிர்நிறம் அடித்துப் பார்த்தேன். கை அழுக்கு தெரியாது, நல்ல யோசனைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கப் போகிற வழி போல ஆகிவிட்டது. இன்னொரு மூலையில் ஸ்பாஞ்சைத் தோய்த்து ஒற்றி, மேகம் போல வரவழைத்தேன். எனக்குப் பிடித்திருந்தது. அண்ணன் ஏறும்போது நின்று உற்றுப் பார்த்தான்.

"பூஞ்சை மறுபடி வந்துடுச்சா?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இந்த வீட்டில் நான் சத்தமாகச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

அக்டோபர் 7, திங்கள்

இந்தப் படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. உச்சிக் கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம்தான். மேலே பளீர், இறங்க இறங்க இருட்டு. நான் இதுவரை அந்த இருட்டோடு சண்டை போட்டேன். அதோடு சேர்ந்து போனால் என்ன?

பேக்கரிக்கு ரொட்டி வாங்க வந்த ஒருவர் தொங்ஷி கடற்கரையிலிருந்து வருகிறேன் என்றார். அங்கிருந்து கிழக்கே வந்தால் வயல். அப்புறம் அன்னாசித் தோட்டம், தேயிலைச் சரிவு, மேகம், கடைசியில் பெரிய மலை. நம் ஜியாயி மண்ணே ஒரு படிக்கட்டுதானே. கீழே பட்டறை வாசலில் கடல். மேலே என் அறை வாசலில் மலை முகடு.

ஆனால் நான் வரைந்து பழகியவள் இல்லை. பள்ளியில் வரைந்ததோடு சரி.

அக்டோபர் 14, திங்கள்

அண்ணி எதிர்த்தாள். கல்யாண வீட்டு வாசலில் நீலமா, துக்க வீடு போல இருக்குமே என்றாள். யோசித்தேன். சூரியன் விழும் நேரத்துக் கடல் நீலமாகவா இருக்கிறது? இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் கலந்து கிடக்கும், நடுவே சிப்பிப் பண்ணையின் மூங்கில்கள் கறுப்புக் கோடுகளாக. அப்படிக் கலந்து அடித்துக் காட்டினேன். அண்ணி பார்த்துவிட்டு, தன் இளஞ்சிவப்புதான் கடைசியில் ஜெயித்தது என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். போகட்டும். ஜெயிக்கட்டும்.

அக்டோபர் 28, திங்கள்

வயல் முடிந்தது. வேலை நாட்களிலும் மாலையில் கொஞ்சம் கொஞ்சம் அடிக்கிறேன். தேய்ந்த பழைய துடைப்பத்தைப் பெயிண்டில் தோய்த்து மேல்நோக்கி இழுத்தால் நெற்பயிர் வருகிறது! தூரிகையால் வராதது.

இப்போது செருப்போடுதான் ஏறி இறங்குகிறேன் என்பதை இன்றுதான் கவனித்தேன்.

நவம்பர் 11, திங்கள்

தேயிலைச் சரிவு. வாரக்கடைசியில் வந்த யுன்-சி படியில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திருக்கவே இல்லை. கல்யாணப் படங்களை ஸ்டுடியோவில் எடுத்ததற்குப் பதில் இங்கேயே எடுத்திருக்கலாம் என்றாள்.

நவம்பர் 18, திங்கள்

எழுதாமல் படுக்கலாமென்று பார்த்தேன். முடியவில்லை.

மேகம் அடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி சூப் கிண்ணத்தோடு மேலே வந்தாள். எள்ளெண்ணெயில் வதக்கிய கோழி. அவள் எனக்காகச் சூப் தூக்கிக்கொண்டு மேலே வந்ததே இல்லை. அப்போதே தெரிந்திருக்கவேண்டும்.

"வான்-ரூ, தப்பா எடுத்துக்காத. கல்யாணத்தன்னிக்குப் புலி வருஷத்துல பொறந்தவங்க பொண்ணைப் பாக்கக்கூடாதுன்னு சொல்வாங்கல்ல. நீ அன்னிக்கு மட்டும் எங்கயாவது வெளிய போயிட்டு வாயேன்."

நான் புலி இல்லை. புலி வருஷம் பிறக்கும் புத்தாண்டுக்கு ஒரு வாரம் முன்னால் பிறந்தவள். மாட்டு வருஷம். இது அண்ணிக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து என் பிறந்தநாளும் புத்தாண்டுச் சுத்தம் செய்யும் வேலையும் ஒன்றாக வருவதைப் பற்றிக் கேலி செய்தவளே அவள்தான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கலாமே. வாழாம வந்தவ பொண்ணு கெளம்பற நேரத்துல எதிர்ல நிக்கக்கூடாதுன்னு. அதைச் சொல்ல வாய் வரல, பாவம் புலி மேல பழி.

சூப்பைக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எரிச்சல்.

நவம்பர் 21, வியாழன்

பேக்கரிக்குப் பின்தெருவில் ஓர் அறை காலி. போய்ப் பார்த்தேன். ஜன்னல் இருக்கிறது. இந்த மாதம் முடிவதற்குள் சொல்லவேண்டும்.

நவம்பர் 25, திங்கள்

தூரிகையைத் தொடவில்லை. மேகம் பாதியில் நிற்கிறது. அண்ணன் ஏறி வந்தான், காய்ந்து விறைத்த தூரிகையை எடுத்துப் பார்த்தான், எடுத்துக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் என் வாசலில் அது பெட்ரோலில் ஊறி, அலசி, நூல் நூலாக மெத்தென்று இருந்தது.

சுவர் என்ன பாவம் செய்தது?

டிசம்பர் 2, திங்கள்

மலை முடிந்தது. முகட்டில் கொஞ்சம் பனி. பின்தெரு அறையின் சொந்தக்காரியிடம் இன்னும் ஒரு வாரம் கேட்டிருக்கிறேன். யுன்-சியிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் கல்யாணப்பெண், அவளுக்கு எதற்கு இது.

வெளியே போகமாட்டேன் என்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பேன். அண்ணியிடம் சொன்னேன். சரி என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

டிசம்பர் 8, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பட்டாசு. கார்கள் வந்த சத்தம். காலடிகள் ஏறி வந்தன, நடுநடுவே நின்றன. ஒரு கிழக்குரல் "இது தொங்ஷிதானே" என்றது. இன்னொருவர் யாரையோ மூங்கில் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் படம் எடுத்தார். நான் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எல்லோரும் பக்கத்துப் பூசையறையில். ஊதுவத்தி மணம் என் கதவுக்கு அடியில் நுழைந்தது. வீட்டுத் தலைவன்தான் முன்னோருக்கு விஷயத்தைச் சொல்லவேண்டும். அண்ணன் தொண்டையைச் செருமினான். யுன்-சி இன்று புறப்படுகிறாள், மாப்பிள்ளை நல்ல பையன், காத்தருளுங்கள் என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தான். முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

செத்துப்போன எங்கள் அம்மாவைக் கூப்பிட்டான். "அம்மா, இன்னொண்ணு. படிக்கட்டை வான்-ரூதான் அடிச்சா. அவ இந்த வீட்டுலதான் இருக்கா, இனிமேலயும் இருப்பா. அவ மாட்டு வருஷத்துல பொறந்தது உனக்குத் தெரியும். பாவ்-யுவேக்கும் தெரியும்."

மாப்பிள்ளை வீட்டார் முன்னால்! நான் வாயைப் பொத்திக்கொண்டேன், அழுகையா சிரிப்பா தெரியவில்லை.

கதவு தட்டப்பட்டது. அண்ணி. சிவப்புக் கவுனில், காதுவரை சிவந்த முகத்தோடு.

"பொண்ணோட கவுன் பின்னாடி ரொம்ப நீளம். படி குறுகல். தூக்கிப் புடிக்க ஒருத்தர் வேணும்." பிறகு, "வேற யாருக்கும் இந்தப் படி தெரியாது" என்றாள்.

வீட்டுச் சட்டையோடு போனேன். யுன்-சி திரும்பிப் பார்த்து "அத்தை" என்றாள், அவ்வளவுதான். மூக்கை உறிஞ்சினாள். வெள்ளைத் துணியை இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு அவளுக்குப் பின்னால் இறங்கினேன். பனியிலிருந்து மேகம், மேகத்திலிருந்து தேயிலை. வயல் வந்தபோது அவள் வெறுங்கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனாள். இருட்டாக இருந்த கடைசி வளைவில், கடலருகே, வாசல் வெளிச்சம் விழுந்திருந்தது.

பழைய கோபதாபங்களைப் பிறந்த வீட்டிலேயே விட்டுப் போகும் வழக்கப்படி, கார் நகர்ந்ததும் அவள் ஜன்னல் வழியே விசிறியைப் போட்டாள். கொட்டிய தண்ணீர் போலப் பெண் திரும்பி வரக்கூடாதென்று அண்ணன் கிண்ணத்துத் தண்ணீரை வீசினான். பாதி என் காலில்.

டிசம்பர் 9, திங்கள்

பின்தெரு அறை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அண்ணி நேற்றைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. நானும்.

ஜனவரி 13, திங்கள்

பக்கத்து வீட்டில் சோயா பாயசக் கடை வைத்திருக்கும் த்ஸாய் அம்மாள் வந்திருந்தார். கல்யாணத்தன்று பார்த்ததிலிருந்து மனதிலேயே இருக்கிறதாம். தன் வீட்டுப் படிக்கட்டையும் அடித்துத் தரமுடியுமா என்று அண்ணியிடம்தான் கேட்டார், நான் எதிரில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருக்கும்போதே. மாதக் கடைசியில் வரும் சந்திரப் புத்தாண்டுக்குள் முடியுமா, திரும்பி வந்த அந்தத் தங்கச்சிதானே அடித்தது, நாள் முழுக்கச் சும்மாதானே இருப்பாள் என்றார்.

அண்ணி கத்தியை என் கையிலிருந்து வாங்கித் தான் நறுக்க ஆரம்பித்தாள்.

"எங்க வீட்டு வான்-ரூவுக்குத் திங்கக்கிழமை ஒரு நாள்தான் லீவு. அதுவும் அவ மனசு வெச்சா. அவசரப்படுத்தாதீங்க."